ராணி கேட்காத சிப்பாய்

“அந்த நிரலை என் கண்ணு முன்னாடி ஆட விடுங்க.”

கேட்டே விட்டேன். இதை மட்டும் கேட்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். எங்கள் துப்பறியும் ஆபீஸின் சீஃப் வெளியூரிலிருந்து காலையிலேயே போன் போட்டார். “கட்சிக்காரர் காட்டுறதைப் பாரு. காட்டாததைக் கேக்காத. முக்கியமா அவங்க கம்ப்யூட்டரைத் தொறக்கச் சொல்லி வாயைத் தொறக்காத. புரிஞ்சுதா?”

புரிந்தது. புரிந்ததால்தான் கேட்டேன்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த டைரக்டர் சிரித்தார். கண்ணாடிச் சுவர், கண்ணாடி மேசை, மேசைமேல் கண்ணாடியிலேயே செய்த சதுரங்கக் காய்கள். எதையும் மறைக்கவில்லை என்று காட்டிக்கொள்ள ரொம்பவே மெனக்கெட்ட அறை.

“எதுக்கும்மா? நிரல்ல அந்த வரி இல்லைன்னு கண்ணு முன்னாடி தெரியுது. செத்தவனுக்கு நாடி பிடிச்சுப் பாக்கணுமா?”

“சில பேர் செத்த மாதிரி கிடப்பாங்க சார்,” என்றார் மூலை நாற்காலியிலிருந்து மாமா. “மத்தியானம் எங்க ஆபீஸுக்கு வந்து பாருங்க.”

மாமா என் அம்மாவின் தம்பி. ஆபீஸில் எனக்கு உதவியாளர். ஸ்கூட்டர் ஓட்டுவார், கதவு தட்டுவார், எனக்குக் கோபம் வரும்போதெல்லாம் ஜோக் அடிப்பார். அதனால் நாள் முழுக்க ஜோக் அடித்துக்கொண்டே இருப்பார்.

விவகாரம் இதுதான். டைரக்டரின் கம்பெனி ‘வேங்கை’ என்று சதுரங்கம் ஆடும் ஒரு கம்ப்யூட்டர் நிரல் வைத்திருக்கிறது. போன வாரம் ஒரு பெரிய அரங்கில் அதற்கும் போட்டிக் கம்பெனி நிரலுக்கும் ஆட்டம். பள்ளிக்கூடங்களுக்கு டேப்லெட் செய்கிறவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். ஜெயிக்கிற நிரலைத் தங்கள் டேப்லெட்டில் போடுவதாகப் பேச்சு. கூட்டம் பார்த்து ரசிக்க நடுவில் ஒரு மரப்பலகை. நிரல் தன் நகர்வைத் திரையில் சொல்லும். பக்கத்தில் உட்கார்ந்த ஆள் அதைப் பார்த்துக் கையால் காயை நகர்த்துவார். வேங்கை ஜெயிக்கும் நிலையில் இருந்தது. அதன் ஒரே சிப்பாய் கடைசி வரிசைக்கு ஒரு கட்டம் கீழே நின்றது.

கடைசி வரிசையைத் தொட்ட சிப்பாய் ராணியாகலாம். யானை, மந்திரி, குதிரை என்றும் ஆகலாம். ராணிதான் பெரிய பதவி என்பதால் எல்லோரும் ராணியையே எடுப்பார்கள். யானைதான் வேண்டும் என்கிற நிலை எப்போதாவது அபூர்வமாக வரும். அன்றைக்கு வந்தது. பலகையில் ராணி இறங்கியது. எதிராளியின் ராஜாவுக்குச் செக்கும் இல்லை, நகர இடமும் இல்லை. ஸ்டேல்மேட். ஆட்டம் டிரா. டேப்லெட்காரர்கள் கைகுலுக்கிவிட்டுப் போனவர்கள்தான்.

டைரக்டர் தன் லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார். “நாலு பதவிக்கும் தனித்தனியா வரி இருக்கணும். பாருங்க, ராணி, குதிரை. அவ்வளவுதான். யானையும் மந்திரியும் எங்க? வேணும்னே வெட்டியிருக்கா. இந்தக் கோப்பு அவ பொறுப்பு.”

‘அவ’ என்பது வேங்கையை எழுதிய பெண். ஆபீஸில் அவளுக்குப் பெயர் கொசு. ஆள் சின்னது. தப்பைக் கண்டால் சரிசெய்யும்வரை காதோரம் ரீங்காரம் போட்டுக்கொண்டே இருப்பாளாம். இப்போது பக்கத்து ஸ்டோர் ரூமில் ஒரு காகிதத்தோடு உட்கார வைத்திருந்தார்கள். ‘பழிவாங்கும் எண்ணத்தில் நானே வெட்டினேன்.’ சாயங்காலத்துக்குள் கையெழுத்துப் போட்டால் வேலை மட்டும் போகும். போடாவிட்டால் போலீஸ். போட்டாலும் அந்தக் காகிதம் அவளுக்கு முன்னால் போய் எல்லாக் கம்பெனி வாசலிலும் நிற்கும். அப்புறம் ஒரு வரி எழுத அவளை எவனும் விடமாட்டான்.

“அவங்க வீட்டுல முதல் பட்டதாரி அவ,” என்றார் டைரக்டர். “வாய்ப்புக் குடுத்தேன். நன்றியைப் பாத்தீங்களா? இந்த மாதிரி இடத்துலருந்து வர்றவங்களுக்குப் படிப்பு சீக்கிரம் வந்துடுது. பண்பு வர ரெண்டு தலைமுறை ஆகும்.”

எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். அதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் ‘உங்களைச் சொல்லலைம்மா’ என்பார். அதைக் கேட்டால் அந்தக் கண்ணாடி ராணியை எடுத்து அவர் மேலேயே எறிந்துவிடுவேன்.

மாமா எழுந்து வந்து, ராணியை எடுத்து மேசையின் மறுகோடியில் வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

“அன்னைக்கு வேங்கை திரையில என்ன சொல்லுச்சுன்னு பதிவு இருக்குமே சார்?” என்றேன்.

“அழிஞ்சு போச்சு. மெஷின் திடீர்னு நின்னுடுச்சு.”

“அப்ப ஆட விட்டுத்தான் பாக்கணும். இல்லைன்னா ‘கட்சிக்காரர் காட்ட மறுத்தார்’னு ரிப்போர்ட்டுல எழுதுவேன்.”

சிரிப்பு நின்றது. என்னை ஒரு நிமிஷம் அளந்துவிட்டு இன்டர்காமை அழுத்தினார். “மாப்பிள்ளை, டெமோ ரூமைத் தயார் பண்ணுங்க. இந்தப் பொண்ணு ஆசையை ஏன் கெடுக்கணும்?”

*

ஸ்டோர் ரூமில் செத்துப்போன கீபோர்டுகள், சுருட்டிவைத்த பேனர்கள், அட்டையில் வெட்டிய ஆளுயர வேங்கை. கொசு ஒரு மானிட்டர் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். எதிரே இன்னொரு பெட்டி. அதன்மேல் காகிதம். பேனா திறந்திருந்தது.

“போட்டுட்டியா?”

“இன்னும் இல்லைக்கா. போட்டுடலாம்னு இருக்கேன்.”

“வெட்டினது நீதானா?”

“தெரியலைக்கா.”

என் கோபம் மொத்தமும் அவள் பக்கம் திரும்பியது. “தெரியலையா? வெட்டினியா இல்லையான்னு உனக்கே தெரியாதா?”

“கத்தாதீங்கக்கா. காலையிலருந்து எல்லாரும் கத்திட்டாங்க.” மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “வெட்டச் சொன்னதே சார்தான். போட்டிக்கு முன்னாடி. வேங்கை ஒரு நகர்வுக்கு லட்சக்கணக்கான நிலையைப் பாக்கும். சிப்பாய் ஏறுற இடத்துல எல்லாம் நாலு பதவியும் போட்டுப் பாத்தா நேரம் வீணாகுது, யானையையும் மந்திரியையும் தூக்கு, எவன் யானை எடுக்கப் போறான்னாரு. நிறையப் பேர் அப்படித்தான் எழுதுறாங்க. நான் மாட்டேன்னேன். அபூர்வமா வரும்னா வராதுன்னு அர்த்தம் இல்லை சார்னேன். ஆனா எவ்வளவு வேகம் கூடுதுன்னு பாக்க ஒரு நாள் நானே எடுத்துப் பாத்தேன். திரும்ப வச்சேன்.”

“அப்புறம் என்ன?”

“வச்சேன்னுதான் நினைச்சேன். இப்ப வரியைக் காணோம்னு மூஞ்சிக்கு நேரா காட்டும்போது, வச்சேன்னு நெஞ்சைத் தொட்டுச் சொல்ல முடியலைக்கா.”

“அடுப்பை அணைச்சோமான்னு பாதி வழியில பஸ்ஸை நிறுத்துற கேஸு,” என்றார் மாமா. “வீட்டுக்குப் போய்ப் பாத்தா அணைஞ்சுதான் இருக்கும்.”

“என்னை வீட்டுக்குள்ளயே விட மாட்டேங்கிறாங்களே அங்கிள். கோப்பைத் தொட விடலை.”

“உங்கப்பாகிட்ட சொன்னியா?” என்றேன்.

“டயர் கடையில வண்டிக்குக் கீழ படுத்திருப்பாரு. என்னன்னு சொல்றது? நான் கம்ப்யூட்டர்ல என்ன பண்றேன்னே அவருக்குத் தெரியாது. ‘பொண்ணு ஆபீஸ்ல இருக்கா’ன்னு யார்கிட்டயாவது சொல்லும்போது மட்டும் கையைத் துடைச்சுக்கிட்டுச் சொல்லுவாரு.”

என் வீட்டிலும் அப்படி ஒரு கை இருக்கிறது. நான் பேச்சை மாற்றினேன்.

என் போனில் அரங்கத்துப் புகைப்படம் இருந்தது. ஆட்டத்தின் கடைசி நிலை. ராணியை வைத்துவிட்டு விலகுகிற கை மட்டும் தெரிந்தது. மணிக்கட்டில் அகலமான வெள்ளிச் சங்கிலி. அந்த நிலையைப் பெட்டிமேல் அடுக்கினேன். ஸ்டேப்ளர் எங்கள் ராஜா. ரப்பர் எதிரி ராஜா. பேனா மூடி சிப்பாய். மூடியை ஒரு கட்டம் ஏற்றி, எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மாமாவின் காபிக் கப்பை ராணியாக வைத்தேன்.

மாமா குனிந்து பார்த்தார். “ரப்பரை யாரும் அடிக்கலை. ஆனா எந்தப் பக்கம் திரும்பினாலும் காபி. நகரவும் முடியாது, சாகவும் முடியாது. உங்க அத்தை கோபமா இருக்கிறப்போ வீட்டுல என் நிலைமை.”

“ராணிக்குப் பதில் யானை வைங்க. யானைக்கு நேர்ப் பார்வைதான், சாய்வுப் பார்வை கிடையாது. ரப்பருக்கு ஒரே ஒரு கட்டம் திறக்கும். அது அங்க போய்த்தான் ஆகணும். போனதும் யானை பின்னால வந்து கதையை முடிச்சிடும்,” என்றேன்.

“சரி,” என்றார் மாமா. “இந்த வேங்கைக்கு யானை எடுக்கத் தெரியாது. ராணி எடுத்துச்சு. பாவம், அதுக்கு வேற வழி?”

வேற வழி.

நான் கப்பை எடுத்துவிட்டு மூடியைப் பழைய கட்டத்தில் வைத்தேன்.

“கொசு, ஸ்டேல்மேட் ஆனா டிரான்னு வேங்கைக்குத் தெரியுமா?”

“நல்லாத் தெரியும்கா. நான் முதல்ல எழுதினதே அதைத்தான்.”

“இந்த ரெண்டு வரியை வெட்டின பிறகும் தெரியுமா?”

“அது வேற இடம்கா. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல...” அவள் பார்வை மூடியிலிருந்து ஸ்டேப்ளருக்குப் போனது. மறுபடி மூடிக்கு வந்தது. அழுது வீங்கிய அந்த முகத்துக்குள் நிரல் எழுதுகிறவள் திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

“அக்கா!”

“வாயைத் திறக்காத. பேனாவை மூடு.”

சிப்பாயை எடுத்துப் பேனாவை மூடினாள்.

*

டெமோ ரூமின் ஒரு சுவர் முழுக்கத் திரை. மற்ற மூன்றும் கண்ணாடி. டைரக்டர் ஏற்கனவே உட்கார்ந்திருந்தார்; கொசுவும் காகிதத்தோடு எங்கள் பின்னால் உள்ளே வந்தாள். கீபோர்டு முன்னால் டைரக்டரின் மருமகன். ஆபீஸ் முழுக்க அவருக்கு மாப்பிள்ளை என்பதே பதவிப் பெயர். அவர் கை நகரும்போதெல்லாம் மணிக்கட்டின் வெள்ளிச் சங்கிலி மேசையில் உரசிக் கீச்சிட்டது.

மாமா என்னைப் பார்த்தார். நான் சங்கிலியைப் பார்த்தேன். இருவரும் வேறு எங்கோ பார்த்தோம்.

“ஏசி எனக்கு ஒத்துக்காதுங்க,” என்று மாமா கதவைத் திறந்துவைத்தார். வெளியே மேசைகளில் இருந்தவர்கள் தலையைத் தூக்கினார்கள். ஒருத்தர் எழுந்து வந்தார். பின்னாலேயே மற்றவர்களும்.

“சார், இப்ப இதுல இருக்கிறது நீங்க எனக்குக் காட்டின அதே நிரல்தானே? யானை வரி இல்லாதது?”

“அதேதான்.”

“அன்னைக்கு அரங்கத்துல ஆடினதும் இதேதானா?”

“ஒரு எழுத்து மாறலை. அதுதானேம்மா ஆதாரமே.”

“சரி. சிப்பாய் ஏறுறதுக்கு முந்தின நிலையை வைங்க. ஆட விடுங்க.”

மாப்பிள்ளை தட்டினார். சுவர்த் திரையில் இரண்டு ராஜாக்களும் ஒரு சிப்பாயும். மூச்சு விடுகிற நேரம்கூட ஆகவில்லை. வேங்கையின் வெள்ளை ராஜா சாய்வாக ஒரு கட்டம் ஏறி, சிப்பாயின் பக்கத்தில் போய் நின்றது.

சிப்பாய் அசையவில்லை.

“தப்பா வச்சுட்டேன் போல,” என்றார் மாப்பிள்ளை. மறுபடி வைத்தார். மறுபடி ராஜாதான் நகர்ந்தது. அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டார். ராஜாதான்.

“எத்தனை தடவை போட்டாலும் அப்படித்தான் ஆடும்,” என்றேன். “ராணி எடுத்தா டிரான்னு அதுக்குத் தெரியும். யானை எடுக்கத் தெரியாது, ஏன்னா வரியை வெட்டியாச்சு. அப்ப அது எதுக்கு சிப்பாயைத் தொடப் போகுது? ராஜாவைத் துணைக்குக் கொண்டுவந்து நிறுத்திட்டு, அப்புறம் நிதானமா ராணி எடுத்து ஜெயிக்கப் பாக்குது. யானை தெரியாத வேங்கையும் ஜெயிச்சிருக்கும் சார். கொஞ்சம் லேட்டா.”

கதவோரம் யாரோ “அட” என்றார்கள்.

“ஆனா அன்னைக்கு சிப்பாய் ஏறுச்சு. யானை எடுக்கத் தெரிஞ்ச நிரல் மட்டும்தான் அந்தச் சிப்பாயை அங்க ஏத்தும். அதாவது அன்னைக்கு ஆடின நிரல்ல அந்த வரி இருந்துச்சு. கொசு, திரும்ப எழுது.”

டைரக்டர் எழுந்தார். அதற்குள் மாமா மாப்பிள்ளையின் நாற்காலியைச் சக்கரத்தோடு மெதுவாக இழுத்துவிட்டிருந்தார். “கொஞ்சம் ரெஸ்ட் எடுங்க மாப்பிள்ளை.” கொசு நின்றபடியே தட்டினாள். தன் வீட்டுக் கதவைத் தானே திறக்கிறவள் மாதிரி, தேடாமல், தடுமாறாமல்.

ஆட விட்டாள். சிப்பாய் ஏறியது. திரையின் அடியில் நகர்வு எழுத்தில் வந்தது. எந்தக் கட்டத்திலிருந்து எந்தக் கட்டத்துக்கு என்று வழக்கமான நாலு எழுத்து. அதன் பின்னால் ஐந்தாவதாக ஒன்று, யானைக்கான எழுத்து.

“சிப்பாய் கடைசி வரிசையைத் தொடும்போது மட்டும்தான் அஞ்சாவது எழுத்து வரும்,” என்றாள் கொசு. “அன்னைக்கு ஆட்டம் முழுக்க அது ஒரே தடவைதான் வந்திருக்கும்.”

“அன்னைக்குப் பலகையில காய் வச்சது யாரு?” என்றேன்.

எல்லோர் கண்ணும் ஒரே நாற்காலிக்குப் போனது. மாப்பிள்ளை கையை நாற்காலிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டார். சங்கிலி கீச்சிட்டது.

“ஆட்டம் முழுக்க நாலு எழுத்துதாங்க!” என்றார். குரல் கிட்டத்தட்ட அழுகை. “அதையே பாத்துப் பாத்துப் பழகின கண்ணு. சிப்பாய் ஏறினா எவனா இருந்தாலும் ராணிதான் வைப்பான்! நீங்க வச்சிருக்க மாட்டீங்களா?”

“நாங்க இன்னும் ஏழை,” என்றார் மாமா. “எங்க தெருப் பலகைக்கு ரெண்டாவது ராணி இருக்காது. வெட்டுப்பட்ட யானையைத் தலைகீழா நிறுத்தி ராணிம்போம். நீங்களும் அப்படிப் பண்ணியிருந்தா, தலைகீழா நின்னாலும் யானை யானைதான்னு நடுவர் சொல்லியிருப்பாரு. ஜெயிச்சிருப்பீங்க.”

யாரோ சிரித்தார்கள். டைரக்டர் போய்க் கதவைச் சாத்தினார்.

அவர் அதிர்ச்சியே அடையவில்லை.

“சரி,” என்றார் தாழ்ந்த குரலில். “எனக்கு அன்னைக்கே தெரியும். மாப்பிள்ளை வந்து அழுதாரு. என் பொண்ணு வாழ்க்கைம்மா. மாப்பிள்ளை சொதப்பினாருன்னு வெளியில தெரிஞ்சா குடும்ப மானம் போயிடும். ஒரு ஸ்டாஃப் சொதப்பினான்னா கம்பெனி தப்பிச்சிடும்.”

“வரியை வெட்டினது இவரா?”

“அவருக்கு அந்தக் கோப்பைத் திறக்கவே தெரியாது. நான்தான் வெட்டினேன். ஒரு காலத்துல நானும் எழுதினவன்தான்.”

“வெட்டினா ஒரு தடவையாவது ஓட விட்டுப் பாக்கணும் சார். முதல் வருஷத்துலயே சொல்லிக் குடுப்பாங்க. அவ அபூர்வம்னாலும் வரும்னு சொன்னா. நீங்க அன்னைக்கு எவன் யானை எடுக்கப் போறான்னீங்க, இன்னைக்கு எவன் ஆட விட்டுப் பாக்கப் போறான்னு நினைச்சீங்க. அன்னைக்கும் அதே தப்பு. இன்னைக்கும் அதே தப்பு.”

கொசு திரையைப் பார்த்தபடி நின்றாள். “நான் வச்சிருந்தேன்,” என்றாள், யாரிடமும் இல்லாமல். “அக்கா, நான் திரும்ப வச்சுத்தான் இருந்தேன்.” அவளுக்கு அன்றைக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு வாக்கியம்தான். அதையும் திருடி வைத்திருந்தார்கள்.

“இதோ பாரும்மா,” என்றார் டைரக்டர். ‘நீங்க’ எப்போதோ காணாமல் போயிருந்தது. “உங்க சீஃப்புக்கும் எல்லாம் தெரியும். ரிப்போர்ட் அடிச்சு ரெடியா இருக்கு. நீ கையெழுத்துப் போடணும், அவ கையெழுத்துப் போடணும், அவ்வளவுதான். நீயும் முட்டி மோதி மேல வந்தவதானே? எதுக்கு வம்பு?”

‘உங்களைச் சொல்லலை’ என்றுகூட அவர் இப்போது சொல்லவில்லை.

“நீங்க கதவை மூடலாம் சார். சுவரு கண்ணாடி.”

அவர் திரும்பினார். மூன்று பக்கமும் முகங்கள். எல்லாம் நிரல் எழுதுகிறவர்களின் முகங்கள். ஒருத்தர்கூட அவரைப் பார்க்கவில்லை. எல்லோரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அந்த ஐந்தாவது எழுத்தை.

என் போன் அடித்தது. சீஃப். அவர் குரலுக்கு ஸ்பீக்கர் தேவையில்லை.

“என்ன பண்ணித் தொலைச்ச? ஊர்லருந்து வந்து இப்பத்தான் ஆபீஸ் படி ஏறுறேன், அதுக்குள்ள கம்ப்யூட்டரைத் திறக்கச் சொல்றான்னு அவர்கிட்டருந்து மெசேஜ்! ஒழுங்கா வந்து கையெழுத்தைப் போடு. இல்லைன்னா உன் அடையாள அட்டையை என் மேசையில வச்சிட்டு வீட்டுக்குப் போய்ச் சேரு!”

“காலையிலேயே வச்சுட்டேன் சார்.”

“என்னது?”

“ரூமுக்குப் போய்ப் பாருங்க. நீங்க அடிச்சு வச்ச ரிப்போர்ட்டு மேலயே இருக்கு. நேத்தே பிரிண்டர்ல பாத்துட்டேன். நான் விசாரிக்க வர்றதுக்கு முன்னாடியே என் பேர்ல விசாரிச்சு முடிச்சிருந்தீங்க.”

போனை அணைத்தேன்.

டைரக்டரின் முகம் இப்போதுதான் முதன்முறையாக மாறியது. “அப்ப உனக்கு இங்க என்ன அதிகாரம்? யாருன்னு சொல்லிக்கிட்டு உள்ள வந்த?”

“நான் எதுவும் சொல்லலை. நீங்கதான் காபி குடுத்து உக்கார வச்சீங்க.”

“போலீஸ்ல குடுப்பேன். ரெண்டு பேர் மேலயும்.”

“குடுங்க. அங்கயும் இதையேதான் கேப்பேன். ஆட விடுங்க.”

கொசு அந்தக் காகிதத்தை மேசைமேல் வைத்தாள். கையெழுத்து இடம் வெள்ளையாக இருந்தது. பேனாவைத் தன் பையில் போட்டுக்கொண்டாள். அவள் நடந்ததும் கண்ணாடிக்கு வெளியே கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது. அவளுடைய மேசையில் இருந்த தண்ணீர் பாட்டிலையும் குடையையும் ஒருத்தி எடுத்துக்கொண்டுவந்து கையில் கொடுத்தாள்.

வாசல் வரை வந்ததும் மாமா ஸ்கூட்டர் சாவியை விரலில் சுழற்றினார். “மருமகளே, இன்னைக்கு மூணு பேருக்கும் வேலை இல்லை. வண்டியிலயும் மூணு பேர் போக முடியாது. அதை விடு. இனிமே என் பதவி என்ன?”

“யானை.”

“ராணி கிடையாதா?”

“ராணி வச்சுத்தானே மாமா அவங்க கோட்டை விட்டாங்க.”

பின்னால் டைரக்டர் யாரையோ உட்காரச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார். யாரும் உட்கார்ந்த சத்தம் கேட்கவில்லை. முன்னால் கண்ணாடிக் கதவு. ‘தள்ளவும்’ என்று எழுதியிருந்தது.

தள்ளினேன்.